போத்தல்

சேருடைய அந்தியேட்டி அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்த அன்றே நினைவுமலர்க் குழுவினரும் கட்டுரை கேட்டுத் தொலைபேசி எடுத்தார்கள். 1978இல் பரிசளிப்பு விழாவன்று என்னால் கவிழ்ந்த ஆங்கில நாடகத்தையும், மறுநாள் அவர் கரும்பலகையில் எழுதிய 'ஃபியாஸ்கோ' என்ற சொல்லையும் என் வகுப்பினர் மறந்திருக்கமாட்டார்கள். அதன்பின் அவர்களில் எவரும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

தூதனாக வந்து நான்கு வரி சொல்லவேண்டியவன், பிரதம விருந்தினரின் கழுத்துப்பட்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து சேர் முதற் சொல்லை எடுத்துக் கொடுக்க, அந்த ஒரு சொல்லை மட்டும் மூன்று முறை உரக்கச் சொன்னேன். மறுநாள் இரண்டாம் மணி அடித்து, இடாப்புக் கூப்பிட்டு முடிந்ததும், "இந்த இத்தாலியச் சொல்லுக்கு என்ன கருத்து, சொல்லுங்கோ பாப்பம்" என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. "போத்தல்" என்று அவரே சொல்லி, என்னைப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பின் அவர் நடத்தியதைப் போன்ற பாடத்தை நான் பிறகு கேட்டதில்லை. மேடையில் தோற்பதை இத்தாலிய நாடகக்காரர் 'போத்தல் செய்தல்' என்பார்களாம். அந்த வழக்குத்தான் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என்று 19ஆம் நூற்றாண்டில் பரவியது. ஏன் போத்தல்? வெனிஸ் கண்ணாடி ஊதுநர் அழகிய பாத்திரமொன்று பிழைத்துப்போனால் அதைச் சாதாரணப் போத்தலாக்கிவிடுவர் என்பது ஒரு கதை. பியாங்கொலெல்லி என்ற 17ஆம் நூற்றாண்டுக் கோமாளி நடிகர், ஒவ்வொரு நாளும் ஏதாவதொரு பொருளைக் கையில் ஏந்தி வந்து நகைப்பூட்டுபவர், ஒருநாள் போத்தலோடு வந்து ஒருவரும் சிரிக்காமற் போக, பழியைப் போத்தல்மேல் போட்டு அதை வீசினார் என்பது மற்றக் கதை. இரண்டையும் நடித்தே காட்டிவிட்டு, இரண்டுக்கும் சான்றில்லை என்றும், ஒரு சொல்லின் பிறப்புக்கு இவ்வளவு நல்ல கதை கிடைத்தால் அதையே முதலில் ஐயுறவேண்டும் என்றும் சேர் சொன்னார். அவமானப்பட்டவன் நான், குறிப்பெடுத்தவனும் நான் ஒருவன்தான்.

1984இல் ஜெர்மனிக்கு வந்து, இத்தாலிய உணவகமொன்றின் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கியபோது, உண்மையான ஃபியாஸ்கோவை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். உருண்டை அடிகொண்ட தொஸ்கானா வைன் போத்தல் அது, தானாக நிற்காது. நம் அம்மாமார் குடத்தை இருத்தும் திருகணைபோல, உலர்ந்த சதுப்புப் புல்லால் பின்னிய உறை அதைத் தாங்குகிறது. அந்தப் பெயரின் மூலம் பழைய ஜெர்மானியச் சொல் என்பதும், அதே வேரிலிருந்து வந்த 'ஃபிளாஷெ' இங்கே இன்றும் போத்தலைக் குறிப்பதும் பிறகு தெரிந்தன. வடக்கிலிருந்து புறப்பட்டு இத்தாலிக்குப் போன சொல், தோல்வி என்ற பொருளோடு வடக்கே திரும்பியபோது, வீட்டிலிருந்த உறவினனுக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

'ஃபிளாஷெ' என்றால் ஒன்றுக்கும் உதவாதவன் என்றும் பொருளுண்டு. 1998 மார்ச் மாதம் பயேர்ன் மியூனிக் உதைபந்தாட்டக் கழகத்தின் இத்தாலியப் பயிற்றுநர் த்ராபத்தோனி, செய்தியாளர் முன் தம் வீரர்களை உடைந்த ஜெர்மன் மொழியில் வெற்றுப் போத்தல்போல் பலவீனமானவர்கள் என்று பொரிந்து தள்ளியதைச் சமையலறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இத்தாலியச் சமையற்காரர் கண்ணீர் வரச் சிரித்தார். சரியாக இருபது ஆண்டுகள் கழித்து என் பட்டப்பெயரை ஜெர்மன் மொழியில் கேட்டவன், அன்றிரவே சேருக்கு எழுதியிருக்கலாம். இலக்கணப் பிழைக்கு அஞ்சினேன் என்று இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிவந்தேன்.

2003இல், போர் ஓய்ந்து பாதை திறந்திருந்த காலத்தில், ஊருக்குப் போகும் எண்ணத்தில் ஃபுளோரன்ஸ் நகரில் அவருக்காக ஒரு ஃபியாஸ்கோ வாங்கினேன். விடுப்புக் கிடைக்கவில்லை, பிறகு பிள்ளையின் பரீட்சை, பிறகு மறுபடி போர். அது இன்னும் என் நிலவறையில் இருக்கிறது. ஈரத்தில் புல்லுறை இற்றுவிட்டதால் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறேன்.