ஒரு டிகிரியா, இரண்டா?

எங்கள் ஊர் காவேரிப்பட்டினம். பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதம் இங்கே மாங்காய் சீசன். 2023-இல் எனக்கு ரிசல்ட் வந்தபோது அப்பா மண்டியில் பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். என்ன பாடம் எடுப்பது என்று உட்கார்ந்து பேச வீட்டில் யாருக்கும் நேரமில்லை. ஒரு விதத்தில் அது நல்லதாகப் போயிற்று.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தரவரிசை போடுவார்கள், பி.எஸ்சி. மாதிரிப் படிப்புகளுக்கு மொழிப்பாடம் நீங்கலாக மற்றப் பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துப் போடுவார்கள். ஒரே மாணவன் ஒரு பட்டியலில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருப்பது இதனால்தான். எனக்குத் தமிழும் பிடிக்கும், கணக்கும் பிடிக்கும். கவுன்சலிங் அன்று கணக்கில் இடம் இருந்தது, எடுத்துவிட்டேன். கதை, கவிதையை யாரும் சொல்லித்தராமலே படித்துக்கொள்வேன். ரியல் அனாலிசிஸ் மாதிரிக் கணக்குப் பாடத்தை அப்படிப் படிக்க என்னால் ஆகாது. என் கணக்கு அவ்வளவுதான்.

சேர்ந்த பிறகு ஓசூரில் வேலை பார்க்கும் சித்தப்பா ஆரம்பித்தார்: "வெறும் மேத்ஸ் போதாதுடா. தபாலில் ஒரு பி.காம். போட்டு வை." 2022 ஏப்ரலில் இருந்தே ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிக்கிறது. இரண்டையும் நேரில் படித்தால் வகுப்பு நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரிலும் மற்றொன்று தொலைநிலையிலோ ஆன்லைனிலோ இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. தொலைநிலைப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்க வேண்டும், இதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, பி.காம். எனக்கு எதைத் திறந்துவிடும்? அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதப் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லை. சுவரில் மாட்ட இன்னொரு சட்டம் எதற்கு என்று விட்டுவிட்டேன். சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

நான் எடுத்தது வேறு. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ்., ஆன்லைனில் படிக்கும் பட்டம். அதற்கு ஜே.இ.இ. வேண்டாம். சேர நான்கு வாரப் பாடம், அசைன்மென்ட், அப்புறம் நேரில் ஒரு தகுதித் தேர்வு. கணக்கு, புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் என நான்கு பாடம். கல்லூரியில் அலைடாக, அதாவது துணைப்பாடமாக, புள்ளியியல் இருந்ததால் பாதி தெரிந்த விஷயம். ஒன்றில் படித்தது மற்றொன்றுக்கு உதவியதால்தான் தாக்குப்பிடித்தேன். பி.காம். எடுத்திருந்தால் இரண்டு வண்டியையும் தனித்தனியாகத் தள்ள வேண்டியிருந்திருக்கும்.

ஆனாலும் சுலபம் என்று சொல்ல மாட்டேன். தேர்வுக்கு பெங்களூரு மையம் போட்டிருந்தேன்; விடியற்காலை பஸ். ஏப்ரலில் எங்கள் செமஸ்டரும் அவர்களுடைய டெர்ம் தேர்வும் ஒன்றாக வந்து நிற்கும். அதனால் அந்த டெர்மில் மட்டும் பாடத்தைக் குறைத்துக்கொள்வேன். எடுக்கும் பாடத்துக்கு மட்டும் பணம் கட்டுவதால் அப்படிச் செய்ய முடிகிறது. என் வகுப்பில் இருந்து இதில் கூடச் சேர்ந்த நண்பன் ஐ.ஐ.டி. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, கணக்கில் மட்டும் ஊன்றி என்னைவிட நல்ல மார்க் வாங்குகிறான். அவன் எம்.எஸ்சி., பி.எட். என்று போகிறவன், அவனுக்கு அதுதான் சரி.

நான் ஐ.ஐ.டி. படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் முடித்துவிட்டேன். அந்தச் சான்றிதழோடு வெளியேறவும் வழியுண்டு, ஆனால் அடுத்த கட்டமான டிப்ளமோவைத் தொடர்கிறேன். சேர நினைப்பவர்கள் வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் இ-சேவையில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கட்டணச் சலுகை கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.