அழைப்பிதழில் இரண்டு ழ

அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை, 1974இல் அடித்த தன் கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அதே எழுத்து வேண்டுமாம். பீரோவில் பழுப்பேறிய பிரதி ஒன்று இருந்தது, போனில் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

படத்தைக் கொடுத்தால் ஃபாண்ட் பெயரைச் சொல்லும் தளங்கள் சிலவற்றில் முதலில் போட்டுப் பார்த்தேன். அவை ஆங்கில எழுத்துக்குப் பழகியவை, நம் எழுத்தைக் கண்டதும் சுருள் சுருளான ஆங்கில ஃபாண்டுகளாகக் காட்டிக்கொண்டே போயின. சரி, கண்ணை நம்பித்தான் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்கள் கையில் இருப்பது டிடிபி காலத்து, அதாவது கணினியில் பக்கம் அமைத்த காலத்துப் பத்திரிகை என்றால் அச்சகத்தில் பிடிஎஃப் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், பெரும்பாலும் அந்தக் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸிலேயே ஃபாண்ட் பெயர் இருக்கும். பாமினி மாதிரி, இன்று கணினியிலும் போனிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய ஃபாண்ட் என்று தெரியவந்தால் கன்வெர்ட்டரும் தேவைப்படும், நேராக யூனிகோடில் தட்டினால் அதில் வராது.

ப, ட, ம எல்லாம் பல ஃபாண்டுகளில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றை உற்றுப் பார்த்துப் பயனில்லை. இ, ஞ, ண, ழ, ஸ்ரீ, கூ, இவற்றில்தான் வரைந்தவரின் கை தெரியும். அப்புறம் மெய்யெழுத்தின் புள்ளி நிரம்பியிருக்கிறதா, நடுவில் ஓட்டை இருக்கிறதா, ர-வின் கால் மற்ற எழுத்துகளைவிடக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், அது ஃபாண்ட்தானா என்று பார்த்திருக்க வேண்டும். நான் இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பில் ழ இரண்டு முறை வருகிறது, முதல் ழ-வின் வால் குட்டையாக நிற்கிறது, கடைசி ழ-வின் வால் நீண்டு வளைந்து போகிறது. ஒரே எழுத்து ஒரே வரியில் இரண்டு விதமாக இருந்தால் அது கையால் எழுதி, அதை அப்படியே பிளாக்காக, அதாவது அச்சுக் கட்டையாக எடுத்தது, அதற்குப் பெயர் தேடி அலைய வேண்டாம். உள்ளே இருந்த வாசகத்தில் எல்லா ம-வும் அச்சு அசலாக ஒன்று, அது ஈயத்தில் வார்த்துக் கோத்த அச்செழுத்து.

அந்த ஈய எழுத்தில் 'தலைமையில்', 'காலை' இரண்டிலும் லை பழைய வடிவில், முன்னால் தனியாக நிற்கும் ை இல்லாமல், ல-வோடு ஒட்டிய தும்பிக்கை மாதிரி வளைவோடு இருந்தது. தமிழ்நாடு அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணையில் மாறிய பதின்மூன்று எழுத்துகளில் அதுவும் ஒன்று. இதை வைத்து மட்டும் ஆண்டைச் சொல்லிவிட முடியாது, பெரியாரின் குடி அரசு இதழ் 1935லேயே புது வடிவத்துக்கு மாறிவிட்டது, அரசாணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் ஈயத்தைத் தூக்கிப் போட்டிருக்கவும் முடியாது. யூனிகோடில் பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே குறியீடுதான், எந்த வடிவம் தெரியும் என்பது ஃபாண்ட் கையில் இருக்கிறது.

வாசகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழை எடுத்தேன், அச்சு அசல் இல்லைதான், ஆனாலும் தடிமனும் மெலிவும் ஓரளவு ஒத்துப்போகின்றன. லை, ணை, னை வரும் இடங்களில் தும்பிக்கையை இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் நானே வரைந்து வைத்தேன், மொத்தம் ஒன்பது இடம். தலைப்பை ஸ்கேன் செய்து அதன்மேலேயே ட்ரேஸ் எடுத்தேன். அச்சகத்தில் அந்த இரண்டு ழ-வையும் ஒன்றுபோல ஆக்கித் தரட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.