விஸ்கான்சின் துப்பாக்கிப் பருவம்: குழு மான் வேட்டை நாட்குறிப்பு

நவம்பர் 16, 2024, சனி

அடுத்த சனி சீசன் திறக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தேங்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழனில் வரும் நன்றி நாள்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்தான் துப்பாக்கிப் பருவம். இந்த ஆண்டு நவம்பர் 23 முதல் டிசம்பர் 1 வரை. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் லைசென்ஸ் எடுக்கிறார்கள். எங்கள் குழுவில் ஆறு பேர். இடம் ஐயோவா கவுண்டியில் ஒரு பண்ணை: மேட்டில் அறுத்து முடிந்த மக்காச்சோள வயல், சரிவில் ஓக் காடு, அடியில் ஓடை.

இன்று சுடுதளத்தில் ரைபிள் சரிபார்ப்பு. குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மானைப் பார்த்துச் சுடும்போது குழல் குளிர்ந்துதான் இருக்கும். 100 கஜத்தில் மூன்று குண்டு, குழலை ஆறவிட்டு மறுபடி மூன்று. மூன்றுக்கும் நடுப்புள்ளியைப் பார்த்தே ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) திருகைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் திருப்பிக்கொண்டிருந்தால் ஒரு பெட்டி தோட்டா காலியாகும், ஸ்கோப் மட்டும் சரியாகாது. பெரும்பாலான ஸ்கோப்புகளில் திருகின் ஒரு கிளிக் என்பது 100 கஜத்தில் கால் அங்குலம். .308 ரக ரைபிளில் 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டா 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே அடித்தால் 200 கஜத்தில் ஏறக்குறைய குறியில் விழும். இந்தக் காட்டில் 120 கஜம் தாண்டிப் பார்வை கிடைப்பதே அபூர்வம், அதனால் 100-க்கு நேராக வைத்தாலும் குறை ஒன்றும் இல்லை.

குண்டுகள் சிதறினால் தோட்டாவைக் குறை சொல்வதற்கு முன் திருகுகளைப் பாருங்கள். இன்று ஒரு ரைபிளில் ஸ்கோப்பின் அடித்தட்டுத் திருகு விரலாலேயே சுழன்றது. சரிபார்த்த தோட்டாவும் காட்டுக்குக் கொண்டுபோகும் தோட்டாவும் ஒரே பிராண்ட், ஒரே எடையாக இருக்க வேண்டும். மாற்றினால் குறி மாறும்.

நவம்பர் 22, வெள்ளி

மாலை முழுக்க வரைபடம். ஆறு பேர் ஆறு இடத்தில் உட்காரும்போது யார் எங்கே என்பதோடு, யார் எந்தப் பக்கம் சுடக் கூடாது என்பதையும் குறித்தாக வேண்டும். மரத்தில் கட்டிய ஒவ்வொரு பரணுக்கும் ஒரு பேனாக் கோடு: இந்த ஓக் மரத்திலிருந்து அந்தப் பாறை வரைக்கும்தான் உன் பக்கம். மேட்டின் உச்சியில் வானத்தை முதுகுக்கு வைத்து நிற்கும் மானை யாரும் சுடுவதில்லை. குண்டு தவறினால் மண்ணில் புதைய வேண்டும்.

சட்டம் சொல்வது: இடுப்புக்கு மேல் வெளியே தெரியும் உடையில் பாதியாவது பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் பிங்க். தொப்பி போட்டால் அதிலும் பாதி. பாதி என்பது குறைந்தபட்சம். முழு ஆரஞ்சுச் சட்டை இல்லாதவரை நாங்கள் கூட்டிப்போவதில்லை. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும்.

இன்னொரு விதியைப் பலர் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். குழுவில் ஒருவருடைய மான் அனுமதிச் சீட்டில் இன்னொருவர் மான் சுடலாம். ஆனால் சுடும் நேரத்தில், அதே இடத்தில், இருவரும் வெறும் கண்ணுக்கோ குரலுக்கோ எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாக்கிடாக்கியும் செல்போனும் கணக்கில் வராது. சீட்டு வைத்திருப்பவர் கூடாரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தால் அவர் பேரில் சுட முடியாது.

பரண் ஏறுபவர்களுக்கு: விழாமல் தாங்கும் முழு உடல் பட்டை, ஏறத் தொடங்கும் முன்பே மரத்துக் கயிற்றில் மாட்டியாக வேண்டும். துப்பாக்கி தோட்டா இல்லாமல் கீழே கிடக்கட்டும். உட்கார்ந்த பிறகு கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 23, சனி

சுடும் நேரம் சூரியன் உதிக்க அரை மணிக்கு முன் தொடங்கி, மறைந்து 20 நிமிடம் வரை. இங்கே இன்று உதயம் ஏழு மணியை ஒட்டி. எல்லோரும் ஐந்தரைக்குப் பரணில்.

காற்றைப் பற்றி: சூரியன் படும் வரை சரிவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி வழியும், வெயில் ஏறியதும் மேல்நோக்கிப் போகும். விடியலில் மேட்டோரம் உட்கார்ந்தால் வாடை முழுவதும் ஓடைக்கு இறங்கி, அடியில் படுத்திருக்கும் மானுக்கு அறிவித்துவிடும். அதனால் காலையில் நடுச்சரிவில், மான் நடக்கும் தடத்துக்குப் பக்கவாட்டில் உட்காருவது நல்லது. முதல் நாள் காலை விரட்டு (சிலர் காட்டுக்குள் நடந்து மானைக் கிளப்ப, மற்றவர் எதிர்முனையில் காத்திருப்பது) வேண்டாம். பக்கத்துப் பண்ணைகளின் நடமாட்டமே மான்களைக் கிளப்பிவிடும். பொறுமையாக உட்காருபவருக்கு அது இலவச உதவி.

குறி: மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். சாய்ந்து விலகி நின்றால் எதிர்ப்பக்க முன்னங்கால் வழியாகக் குண்டு வெளியேறும்படி. நேருக்கு நேர் நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.

சுட்டதும் இறங்கக் கூடாது. அது எப்படி ஓடியது, கடைசியாக எந்த மரத்தடியில் தெரிந்தது என்று மனதில் குறித்து, அரை மணி உட்கார வேண்டும். பிறகு அடிபட்ட இடத்துக்குப் போய் ரத்தத்தைப் படிக்க வேண்டும். இளஞ்சிவப்பும் நுரைக்குமிழும் நுரையீரல். மான் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு, குமிழ் இல்லை என்றால் ஈரல். நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றம் அடித்தால், அல்லது குண்டு பட்டதும் மான் முதுகைக் கூனிக்கொண்டு நடந்தால், குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பின்தொடர்ந்தால் படுத்த மான் எழுந்து அரை மைல் போய்விடும், ரத்தமும் நின்றுவிடும். ஒவ்வொரு துளிக்கும் ஒரு துண்டு டாய்லெட் பேப்பர் போட்டுக்கொண்டே போனால், தடம் தொலைந்த இடத்தில் திரும்பிப் பார்த்து அது போன திசைக்குக் கோடு இழுக்கலாம்.

இன்று இரண்டு மான். ஒரு பெட்டை நுரையீரலில் அடிபட்டு எண்பது கஜத்தில் விழுந்தது. இன்னொன்று ஆண், ஈரல்; பதினோரு மணிக்கு அடிபட்டு மூன்றரைக்கு எடுத்தோம்.

குடல் எடுப்பது அங்கேயே. கையுறை போட்டு, மானை மல்லாக்கக் கிடத்தி, மலவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து விடுவிக்க வேண்டும். பிறகு நெஞ்செலும்பின் அடியில் தோலைச் சிறிதாகக் கீறி, இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலையும் தசையையும் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே கத்தியின் கூர்ப்பக்கம் மேலே பார்க்க, இடுப்பு வரை கொண்டுபோக வேண்டும். விரலைத் தூக்காமல் அறுத்தால் இரைப்பை கிழியும். தொடைக்கறி முழுக்க நாறும். உதரவிதானத்தை இருபுறமும் விலாவோடு அறுத்து, கையை நெஞ்சுக்குள் நீட்டி மூச்சுக்குழலை எட்டிய உயரத்தில் வெட்டி இழுத்தால் எல்லாம் ஒரே கட்டாக வரும். மூத்திரப்பையைக் கடைசியில் நுனியைப் பிடித்துத் தூக்கியே எடுங்கள். பின்னங்கால் முட்டியின் உள்பக்கம் கருத்துப் பிசுபிசுக்கும் மயிர்க்கொத்தைத் தொட்ட கையால் கறியைத் தொடாதீர்கள்.

பதிவு: மான் கிடைத்ததற்கு மறுநாள் மாலை ஐந்துக்குள், இணையத்திலோ போனிலோ. ஒரு கொம்பாவது மூன்று அங்குலம் இருந்தால்தான் கொம்பு மான் என்று கணக்கு.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று விரட்டு. மூவர் நிற்க, மூவர் விரட்ட. காற்று விரட்டுபவர்களின் முதுகில் அடிக்க வேண்டும். அப்போது மனித வாடை மானுக்கு முன்னே போகும், எதிர்முனையில் நிற்பவர்களின் வாடை மானை எட்டாது. நிற்பவர்கள் காட்டுக்குள் நுழையாமல் வெளி ஓரமாகச் சுற்றி இருபது நிமிடம் முன்பே இடத்துக்குப் போய்விட வேண்டும். தொடக்கம் கடிகாரப்படி, சைகை எதுவும் கிடையாது.

விரட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் ஐம்பது கஜம் இடைவெளியில், இரு பக்கத்து ஆரஞ்சும் கண்ணில் படும்படி நடக்க வேண்டும். கூச்சல் வேண்டாம். பத்து இருபது அடி வைத்து அரை நிமிடம் நில்லுங்கள். நடந்துகொண்டே இருப்பவனைப் படுத்த மான் கடந்து போகவிடும். நின்றுவிட்டால்தான் பார்த்துவிட்டான் என்று பதறி எழும். வயதான ஆண் மான்கள் கோட்டின் நடுவே புகுந்து பின்னால் தப்பும், ஆகவே மூன்றாமவர் நூறு கஜம் பின்தங்கி வருவது வழக்கம்.

நிற்பவர்கள் சேர்ந்ததும் இரண்டு குச்சியை எதிரே மண்ணில் நட்டுவிடுவார்கள். அந்த இரண்டுக்கும் இடையே விரட்டு நடக்கிறது, சுடக் கூடாது. மான் கோட்டைத் தாண்டிப் பின்னால் போன பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு ஏறும். ஓடும் மானைச் சுடவும் கூடாது. வாயால் ஆடு கத்துவது போல ஒரு குரல் கொடுத்தால் பல சமயம் ஒரு நொடி நிற்கும். விரட்டு முடிந்தது என்று சொல்லும் வரை யாரும் இடம் நகரக் கூடாது. மானை எடுக்கத் தானே இறங்கிப் போகும் ஆசைதான் இதில் பெரிய ஆபத்து.

ஒரு பெட்டை ஓரமாக நழுவியது. அந்தப் பக்கம் ஆள் இல்லை. நாற்பது ஏக்கர் துண்டுக்கு மூவர் போதாது. சின்னத் துண்டை எடுத்திருக்க வேண்டும்.

நவம்பர் 25, திங்கள்

மழை. மான் தலைகளை நோய்ப் பரிசோதனைப் பெட்டியில் போட்டாயிற்று. 2002-இல் இதே பகுதியில்தான் மானின் மூளையைத் தாக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்னும் நலிவு நோய் மாநிலத்தில் முதலில் தெரிந்தது. கழுத்தில் நான்கைந்து அங்குலம் விட்டுத் தலையை அறுக்க வேண்டும்; தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுதான் சோதனைக்குத் தேவை. பதிவு எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். கட்டணம் இல்லை.

நவம்பர் 27, புதன்

கறி வெட்டு. இரவுகள் குளிராக இருந்ததால் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தோம். நான்கு டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறினால் உடனே வெட்டிவிட வேண்டும்.

முதுகெலும்பை ரம்பத்தால் பிளக்காமல் எலும்பிலிருந்து கறியை உரித்தெடுக்கிறோம். நம் வீடுகளில் தேடிச் சாப்பிடும் தலை, மூளை, சுவரொட்டி, கழுத்தெலும்புக் குழம்பு எல்லாம் இந்தப் பகுதி மானுக்கு ஆகாது. நோய்க்கூறு அங்கேதான் அதிகம் சேர்கிறது, வேகவைத்தாலும் அழியாது. முதுகுக்கறி இரண்டு நீளத் தண்டு, வயிற்றுப் பக்கம் சின்னத் தண்டு இரண்டு, தொடை தசை தசையாகப் பிரியும். வெள்ளைக் கொழுப்பையும் ஜவ்வையும் முழுக்க நீக்குங்கள். கவிச்சிக்கு முக்கால் காரணம் அந்தக் கொழுப்பு. குண்டு நுழைந்த இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிப் போயிருக்கும். செம்புக் குண்டில் இந்தத் தொல்லை குறைவு.

சப்பையும் காலும் கொத்துக்கறிக்கு. மானில் கொழுப்பில்லாததால் ஐந்தில் ஒரு பங்கு பன்றிக் கொழுப்பு. இரண்டு மானின் கறியை ஒரே அரைப்பில் கலக்கவே கூடாது: ஒன்றுக்கு நோய் இருந்தால் இரண்டையும் கொட்ட வேண்டிவரும். ஒவ்வொரு பொட்டலத்திலும் மானின் பதிவு எண். எலும்பும் கழிவும் குப்பையை மண்ணில் புதைக்கும் கிடங்குக்கு. காட்டில் வீசக் கூடாது.

டிசம்பர் 1, ஞாயிறு

கடைசி நாள் மாலை ஓர் ஆண் மான், மேட்டு வயலோரத்தில். நாளை முதல் பத்து நாள் குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கிகளின் பருவம். 12 முதல் 15 வரை கொம்பில்லாதவற்றுக்கு மட்டும். அந்த நாட்களில் காட்டுக்குள் போகும் வில் வேட்டைக்காரருக்கும் ஆரஞ்சு கட்டாயம். பரிசோதனை முடிவு வர இரண்டு வாரம் வரை ஆகலாம். பொட்டலங்கள் ஃப்ரீசரின் கீழ்த் தட்டில், "முடிவு வரவில்லை" என்று டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். அது வரும் வரை அடுப்பில் ஏற்றுவதில்லை.