எந்தப் போர்ட்டில் நின்று கேட்பது

2007ஆம் ஆண்டு. ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் கணினிகள் காலை 10 மணிக்கு மேல் நகர மறுக்கின்றன என்று என்னை அனுப்பியிருந்தார்கள். மென்பொருள் கொடுத்தவர்கள் நெட்வொர்க்கைக் கைகாட்டினார்கள், சர்வர் கொடுத்தவர்கள் மென்பொருளை. மெமரியைக் கூட்டிப் பார்த்தாகிவிட்டது, கேபிளையும் மாற்றியாகிவிட்டது. "காலையில வந்ததும் நல்லாத்தான் ஓடுது தம்பி. கூட்டம் சேர்ந்தா இழுக்க ஆரம்பிச்சிடும்" என்றார் கவுன்ட்டரில் இருந்த அக்கா. அன்று எனக்குக் கிடைத்த தகவல்களில் மிகச் சரியானது அதுதான். அது புரிய எனக்கு மூன்று மணி நேரம் ஆனது.

நான் தொழில் கற்றது ஹப் காலத்தில். ஹப்பும் ஸ்விட்சும் கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டிகள்; கேபிள் செருகும் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டிலும் கொட்டுவதுதான் ஹப்பின் வேலை. எந்த மூலையில் லேப்டாப்பைச் செருகினாலும் மொத்தப் பேச்சும் காதில் விழும். ஸ்விட்ச் அப்படியல்ல. எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை, வரும் ஃபிரேம்களை, அதாவது கேபிளில் வரும் தகவல் துண்டுகளைப் பார்த்தே கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் சேர்ப்பிக்கும். இதெல்லாம் தெரிந்தும், பழைய பழக்கத்தில் காலியாக இருந்த ஒரு போர்ட்டில் செருகி, அங்கே வருவதையெல்லாம் பதிந்து காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தேன். முந்தைய ஆண்டு வரை ஈதீரியல் என்ற பெயரில் இருந்த அதே மென்பொருள்தான்.

வந்தவை ஏஆர்பி கேள்விகள் மட்டும். 'இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று எல்லோரையும் கேட்கும் குரல் வரும், பதில் கேட்டவருக்கே போய்விடும். நடுவில் ஒருமுறை யாரோ பிரின்டருக்கு அனுப்பிய பாக்கெட் ஒன்று என்னிடம் வந்தது. பிரின்டர் கொஞ்ச நேரம் எதுவும் அனுப்பாமல் இருந்தால் ஸ்விட்ச் அதன் முகவரியை மறந்துவிடும். பல ஸ்விட்ச்களில் அந்தக் கெடு 300 விநாடி. மறந்த முகவரிக்கு வருவதை எல்லாப் போர்ட்டிலும் அனுப்பிப் பார்க்கும், பிரின்டர் வாய் திறந்ததும் நிறுத்திக்கொள்ளும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு 'நெட்வொர்க்கில் சுமை இல்லை' என்று நோட்டில் எழுதினேன். தவறு. என் போர்ட்டில் சுமை இல்லை என்று மட்டுமே எழுதியிருக்க வேண்டும். இன்றும் இளைஞர்கள் கொண்டுவரும் அறிக்கைகளில் நான் முதலில் பார்ப்பது, எந்தப் போர்ட்டில் பிடித்தது என்ற வரி இருக்கிறதா என்பதைத்தான்.

பிறகு சர்வர் இருக்கும் போர்ட்டை என் போர்ட்டுக்கு மிரர் செய்தேன். வருவதும் போவதும் நகலாக என்னிடமும் வரும். முதல் திரையிலேயே ஒரு நோயாளியின் பெயர், வயது, அவருக்கு எழுதப்பட்ட ரத்தப் பரிசோதனை எல்லாம் மறைப்பில்லாமல் ஓடின. கை நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவனுக்கு அதைப் பார்க்க என்ன உரிமை? பதிவை நிறுத்தி, அதுவரை சேர்ந்ததை அழித்துவிட்டு, நிர்வாக அலுவலரிடம் போனேன். என்ன பதிவு செய்யப் போகிறேன், எப்போது அழிப்பேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். திரும்பி வந்து, ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 68 பைட் மட்டும் பிடிக்கும்படி அமைத்தேன். அனுப்புநர், பெறுநர், வரிசை எண் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். உறையின் மேலெழுத்தே போதும், கடிதம் வேண்டாம். தாமதம் எங்கே என்று பார்க்க அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

10 மணி தாண்டியதும் திரை, பிழையைக் காட்டும் கறுப்பு வரிகளால் நிறைந்தது. 'முந்தைய துண்டு காணோம்', மறுபடி அனுப்பல், மறுபடியும் அனுப்பல். ஆனால் பழுதான ஃபிரேம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அங்கேதான் வெகு நேரம் தடுமாறினேன். பழுதான ஃபிரேமை ஸ்விட்ச் வாசலிலேயே தூக்கி எறிந்துவிடும், மிரருக்கு அனுப்பாது. மிரரில் தெரிவது அது விட்டுப்போன ஓட்டை மட்டும். போர்ட்டின் எண்ணிக்கைக் கணக்கைத் திறந்தபோது எஃப்சிஎஸ் பிழை, அதாவது சிதைந்து வந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை, நொடிக்கு நொடி ஏறிக்கொண்டிருந்தது. சர்வர் பக்கம் பார்த்தால் லேட் கொலிஷன், அதாவது தாமதமாக நேரும் மோதல்.

யாரோ எப்போதோ ஸ்விட்ச் போர்ட்டை 100 மெகாபிட் வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசுவது) என்று கையால் பூட்டியிருந்தார்கள். சர்வரின் கார்டு ஆட்டோவில், அதாவது எதிர்ப்பக்கத்தோடு பேசி வேகத்தையும் முறையையும் தானே முடிவு செய்யும் அமைப்பில், இருந்தது. எதிர்ப்பக்கம் பேச்சுவார்த்தைக்கு வராவிட்டால் ஆட்டோவில் இருக்கும் கார்டு வேகத்தை மட்டும் கண்டுகொண்டு, ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஸ்விட்ச் பக்கம் கேட்டுக்கொண்டே பேசும். மறுபக்கம் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும் என்று நம்பும். கூட்டம் இல்லாதபோது இரண்டும் ஒரே சமயத்தில் பேச நேர்வது அரிது. அதனால் இணைப்பைச் சோதிக்கச் சிறிய பிங் போட்ட ஒவ்வொருவருக்கும் எல்லாம் சரியாகவே தெரிந்தது. கூட்டம் சேர்ந்தால் மோதல். அந்த அக்கா சொன்னது அதைத்தான்.

ஸ்விட்ச் போர்ட்டையும் ஆட்டோவுக்கு மாற்றினேன். பிழைக் கணக்கு அப்படியே நின்றது. மாலை வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு மிரரை எடுத்தேன். கோப்பை அலுவலர் முன்னால் அழித்து, நேரத்தை அதே தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு போன பல இடங்களில், எவரோ வைத்த மிரர் எடுக்கப்படாமலே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மறுமுனையில் என்ன செருகியிருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆளிருப்பதில்லை. அந்தக் கேபிளைக் கையில் பிடித்து, அது போய்ச் சேரும் இடம்வரை நடந்து பார்த்த பிறகே மற்ற வேலையைத் தொடுகிறேன்.