வராண்டாவில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்

பாலியல் வன்கொடுமை வழக்குகளின் எஃப்.ஐ.ஆரைப் பொதுவெளியில் போடக்கூடாது என்று 2018 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறு ஆண்டு கழித்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாதிக்கப்பட்ட மாணவியின் எஃப்.ஐ.ஆர். ஊரெல்லாம் பரவியது. தொழில்நுட்பக் கோளாறாம். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது; அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதமே அவர்மேல் பழி போடுவதாக இருக்கிறது என்றும் கண்டித்தது. பொள்ளாச்சி வழக்கிலோ, 2019இல் எஸ்.பி.யே பத்திரிகையாளர்கள் முன்னால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் அச்சானது.

இதெல்லாம் செய்தியில் வந்தது. வராதது நிறைய. இந்த வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் ஆஜராகிற வழக்கறிஞர் நான். சம்மனோடு வரும் காவலர் சீருடையிலேயே வந்து, தெருமுனை டீக்கடையில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி வீடு விசாரிப்பார். அன்றைக்கே தெருவுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அப்புறம் நீதிமன்ற வராண்டா. உள்ளே இன்-கேமரா விசாரணைதான், எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் டவாலி, அதாவது நீதிமன்ற உதவியாளர், வாசலில் நின்று, அந்தப் பெண்ணின் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து, மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். ஜாமீனில் வந்தவன் நாலடி தள்ளி நிற்பான். ஒருமுறை அவனுடைய அத்தை நேராக வந்து என் கட்சிக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆகணுமில்ல கண்ணு, பேசி முடிச்சுக்கலாம்" என்றார். அந்தப் பெண் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இப்படி நிற்க வைத்துவிட்டு, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆகிவிட்டாள் என்று அவளைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மனது வைத்தால் முடியும். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. சாட்சிகள் ஒருவர்கூடப் பிறழவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். இப்படிப்பட்ட சாட்சிகள் அச்சமில்லாமல் சாட்சி சொல்லத் தனி மையங்கள் அமைக்க உச்ச நீதிமன்றம் 2022இலேயே காலக்கெடு வைத்து உத்தரவிட்டிருக்கிறது.

மையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. என் வழக்குகளில் முன்கூட்டியே ஒரு மெமோ போடுகிறேன்: பெயர் சொல்லாமல் வழக்கு எண்ணை மட்டும் கூப்பிட வேண்டும், சாட்சி வேறு அறையில் இருக்க அனுமதி வேண்டும், சம்மனை மஃப்டியில் பெண் காவலர் கொண்டுவர வேண்டும். பல நீதிபதிகள் உடனே சம்மதிக்கிறார்கள். இளம் வழக்கறிஞர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் போடுங்கள். அரைப் பக்கம் போதும்.