செல்ஃப் அடிச்சா செத்துப்போற டிராக்கர்

ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு சின்ன யூனிட்ல டெஸ்டிங் பாக்குறேன், லோடு வண்டிங்களுக்கு ஜிபிஎஸ் டிராக்கர் போர்டு போடறோம். முத்துக்கடை பக்கம் வண்டி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் வந்து, "இன்னா சார், செல்ஃப் அடிச்சா உங்க பொட்டி படுத்துக்கினு அப்பால எழுந்து வருது"ன்னாரு. டேபிள்ல 12 வோல்ட் குடுத்தா அதே போர்டு நாள் முழுக்க ஜம்முனு ஓடுது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூத்துக்கணக்குல ஆம்பியர் இழுக்குறப்போ பேட்டரி வோல்டேஜ் பொத்துனு விழுது பாருங்க, வில்லன் அங்கதான் இருக்கான்.

அதுக்காக தினம் வண்டிய கூப்ட்டு நிக்கவைக்க முடியுமா? அந்த விழுறத புரோகிராமபிள் பவர் சப்ளைலயே (சொன்னபடி வோல்டேஜ ஏத்தி எறக்குற டேபிள் சப்ளை) வரைஞ்சிடலாம். எப்படி விழணும்னு வண்டி எலக்ட்ரானிக்ஸ டெஸ்ட் பண்றதுக்கான ஐஎஸ்ஓ 16750-2 ஸ்டாண்டர்டுலயே இருக்கு, அதுல ஒரு லெவல்ல 5 மில்லிசெகண்டுல 4.5 வோல்ட்டுக்கு இறங்கி, 15 மில்லிசெகண்ட் அங்கயே நின்னு, அப்புறம் 6.5க்கு ஏறி 2 ஹெர்ட்ஸ்ல 10 செகண்ட் தள்ளாடும்.

நெறைய பேரு பைத்தான்ல ஒரு லூப் போட்டு யுஎஸ்பி வழியா ஒவ்வொரு வோல்டேஜா அனுப்புவாங்க. மெதுவா ஏத்தி எறக்க அது போதும், ஆனா ஒரு கமாண்ட் போயி சப்ளை அத புரிஞ்சிக்கறதுக்கே சில மில்லிசெகண்ட் ஓடிடும், நடுவுல விண்டோஸ் வேற அதுக்கு தோணுனப்போதான் நம்ம லூப்ப கவனிக்கும். லிஸ்ட் மோட்தான் சரி: வோல்டேஜ், எவ்ளோ நேரம் நிக்கணும்னு ரெண்டையும் சப்ளை மெமரில முன்னாடியே ஏத்திட்டு ட்ரிகர் தட்டுனா போதும், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிகூட பாக்காது. பாயிண்ட் எண்ணிக்கைக்கு லிமிட் உண்டு, அதனால விழுற எடத்துல நெருக்கமா வைங்க, தள்ளாட்டத்துல கஞ்சத்தனம் பண்ணுங்க.

இங்கதான் பலபேரு மாட்டுறாங்க. சாதாரண சப்ளை கரண்ட குடுக்கும், திரும்ப இழுத்துக்காது. சப்ளை அவுட்புட்ல இருக்குற கெபாசிட்டர்ல நிக்கிற சார்ஜ லோடுதான் குடிச்சி முடிக்கணும். 1000 மைக்ரோஃபேரட், டிராக்கர் இழுக்குறது 50 மில்லிஆம்பியர்னு வைங்க, 12லருந்து 4.5க்கு வரவே 150 மில்லிசெகண்ட் ஆவும், நம்ம கேட்டது 5! முன்பக்க டிஸ்ப்ளேய நம்பாதீங்க, அது ஆடி அசைஞ்சி அப்டேட் ஆவறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், ஆசிலோஸ்கோப்ப (வோல்டேஜ் மாறுறத படமா காட்டுற கருவி) டிராக்கர் கனெக்டர் கால்லயே வைங்க.

வைத்தியம் சீப்புதான், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ரெண்ட டிராக்கருக்கு பேரலல்ல மாட்டுங்க, சேர்ந்து மூணு ஆம்பியருக்கு மேல குடிக்கும், விழுறது சரசரன்னு விழும். ஒண்ணு, பல்பு ஆறிக்கெடந்தா இழை ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மி, ஒரேயடியா 12 குடுத்தா சப்ளை கரண்ட் லிமிட்ல போய் உக்காந்துக்கும், மெதுவா ஏத்தி சூடாக்கிட்டு அப்புறம் லிஸ்ட ஓட்டுங்க. வேலூர் வெயில்ல அந்த ரெண்டு பல்பு பக்கத்துல உக்கார்றது தனி தண்டனை.

இப்படி ஓட்டுனதுல போர்டு அந்த 15 மில்லிசெகண்ட தாங்கிடுச்சி, போர்டுல இருக்குற பெரிய கெபாசிட்டர் காப்பாத்திடுச்சி. செத்தது அப்புறம் வந்த தள்ளாட்டத்துல, வோல்டேஜ் பள்ளத்துல இருக்குற நேரம் பாத்து மோடம் டேட்டா அனுப்ப ரெண்டு ஆம்பியர் கிட்ட சட்டுனு இழுக்குது. இன்னும் கம்மி வோல்டேஜ்லயும் ஓடுற கன்வர்ட்டர் (பேட்டரி வோல்டேஜ போர்டுக்கு ஏத்தமாதிரி மாத்துற பகுதி) போட சொல்லியிருக்கேன், புது போர்டு வந்ததும் மறுபடி இதே லிஸ்ட்தான்.