வாசனின் கதைகளில் முதலாளியும் தொழிலாளியும்

இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்துகொண்டு, பத்திரிகையாளரும் படத் தயாரிப்பாளருமான எஸ். எஸ். வாசனைப் பற்றி எழுதுகிறவன் அவருடைய ‘சந்திரலேகா’ படத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அவர் எழுதித் திரைக்குப் போன ‘சதி லீலாவதி’யே எங்கள் தேயிலை மலைக்கு வந்து போன கதைதான். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, தாயுடன் சென்னைக்கு வந்து விளம்பரத் தொழிலில் காலூன்றிய வாசன், நலிந்து கிடந்த ஆனந்த விகடனை 1928இல் விலைக்கு வாங்கினார். அதில் அவர் தொடராக எழுதிய அந்தக் கதையை, எல்லிஸ் ஆர். டங்கனின் இயக்கத்தில் 1936இல் படமாக்கினார்கள்.

சென்னைச் செல்வந்தனான கிருஷ்ணமூர்த்தி குடிக்கு அடிமையாகி, நண்பனைத் தானே கொன்றுவிட்டதாக நம்பி, மனைவி லீலாவதியைத் தவிக்கவிட்டு இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாகச் சேருகிறான். அங்கே அவனுக்கு ஒரு புதையல் கிடைக்கிறது. அதை அவன் நேர்மையாக முதலாளியிடம் ஒப்படைக்க, மகிழ்ந்துபோன முதலாளி அவனைத் தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்கிறார். பழையபடி செல்வந்தனாகி அவன் ஊர் திரும்புகிறான்.

எனக்கு நெருடுவது அந்தப் புதையல்தான். எங்கள் பாட்டன்மார் மண்வெட்டி பிடித்துத் தோண்டியவை வடிகால் கான்களும் கன்று நடும் குழிகளுமே; லயம் என்ற வரிசை வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும், ஆள்பிடித்து வேலை வாங்கிய கங்காணியின் பற்றுக் கணக்குமே அவர்களுக்குக் கிடைத்தவை. ஆனாலும் தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கண்டிச்சீமை என்ற இலங்கை மலைநாட்டுக்குப் போனவர்களின் உறவினர் ஊரூராக இருந்த காலத்தில், பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவனையே தோட்டத்துக் கூலியாக்கிப் பார்க்கத் துணிந்த கதை அது என்பதை மறுக்க முடியாது. அதில் இன்ஸ்பெக்டர் வேடத்தில் அறிமுகமான எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லாமல் விடுவதில்லை.

பிறகு வாசன் ஸ்டூடியோ முதலாளியானார். கே. சுப்பிரமணியம் நடத்திவந்த ஸ்டூடியோ தீவிபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்தபோது அதை எடுத்து ஜெமினி ஸ்டூடியோஸ் ஆக்கினார். கொத்தமங்கலம் சுப்பு போன்றோர் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்து கதை பேசிய கதை இலாகா ஒன்று அங்கே இருந்தது. ‘சந்திரலேகா’ என்ற பெயரை முதலில் விளம்பரப்படுத்திவிட்டு, அதற்கான கதையைப் பின்னர் தேடினார்கள் என்பார்கள். விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவருக்கு அது இயல்பான வழிதான். ஆளுயர முரசங்களின் மேல் பெண்கள் ஆடி முடிக்க, அவற்றைப் பிளந்துகொண்டு உள்ளிருந்து வீரர்கள் பாய்ந்து வருகிறார்களே, அந்த முரசு நடனத்தில் அத்தனை ஆடம்பரமும் கதைக்கே பயன்படுகிறது. கோட்டையைப் பிடிக்கும் தந்திரமே அந்த நடனம். அப்படம் 1948 ஏப்ரலில் வெளியானது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையில் நிறைவேறிய பிரசாவுரிமை (குடியுரிமை)ச் சட்டத்தால் எங்கள் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள்.

வாசனைக் கேளிக்கை வியாபாரி என்று மட்டும் சொல்லி ஒதுக்குபவர்கள் ‘இரும்புத்திரை’யை மறந்துவிடுகிறார்கள். இந்தியில் 1959இல் ‘பைகாம்’ என்றும், தமிழில் 1960இல் ‘இரும்புத்திரை’ என்றும் அவரே தயாரித்து இயக்கிய அப்படத்தில், ஆலைத் தொழிலாளியான தம்பி சங்கம் அமைக்கிறான். முதலாளிக்கு விசுவாசமான அண்ணனோ அவனை எதிர்க்கிறான். ஒரே வீட்டுக்குள் நடக்கும் அந்தச் சண்டை எங்கள் லயங்களில் நடந்த சண்டையேதான். 1940இல் முல்லோயாத் தேயிலைத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்த பிறகு, எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவது என்பதில் தொடங்கி, கட்டத்தான் வேண்டுமா என்பது வரை அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு நின்றுபோன குடும்பங்களை நானே அறிவேன்.

ஆனால் படத்தின் முடிவில் வாசன் என்ன செய்கிறார்? நாயகன் காதலிக்கும் பெண்ணே முதலாளி கைவிட்ட மகள் என்று வருகிறது. 1936இல் தொழிலாளி பிள்ளையாகிறான், 1960இல் மருமகனாகிறான். உறவு கூடியதும் வழக்கும் தீர்ந்துவிடுகிறது. குடும்பத்தோடு கொட்டகைக்கு வருபவர்கள் மனநிறைவோடு வீடு திரும்ப வேண்டும் என்பதில் அவர் எந்நாளும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. எனக்கு ‘இரும்புத்திரை’யின் முற்பாதி போதும்; அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளை எடுக்கத் தெரிந்தவருக்கு அந்த மகள் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை.